முதியோர் இல்லத்தவரை வேளாண் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வதில் பொருள் உண்டா?

முதியோர் இல்லம் ஒன்றில் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைப்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இல்லத்தில் இருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் நிலத்தில் உழைத்தவர்கள். அவர்களில் 12 பேரை ஒரு நாள் வேளாண் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக எண்ணியிருக்கிறார். ஆனால் பாதிப் பேருக்கு மறதி நோய், 4 பேர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். மறுநாளே மறந்துவிடப் போகிறவர்களை இவ்வளவு சிரமப்பட்டு அழைத்துச் செல்வதில் பொருள் உண்டா, உண்டென்றால் எப்படித் திட்டமிட வேண்டும் என்று கேட்கிறார்.

முதியோர் பராமரிப்பில் செவிலியராக நீண்ட காலம் பணியாற்றி, இத்தகைய பயணங்கள் பலவற்றில் உடன் சென்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: நிச்சயமாகப் பொருள் உண்டு. ஆனால் காட்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதால் அது கிடைப்பதில்லை. ஒரு கருவியைக் கையில் வாங்கி, அதன் கனத்தை உணர்ந்து, அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பக்கத்தில் நிற்கும் இளையவருக்குச் சொல்லித் தரும்போதுதான் கிடைக்கிறது. பிறர் குளிப்பாட்ட, பிறர் ஊட்ட, பிறர் குறித்த நேரத்தில் உறங்கப் போகும் வாழ்க்கை அவர்களுடையது. அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அவர்கள் தெரிந்தவர்கள், நாம் தெரியாதவர்கள். வண்டி ஏற்பாட்டிலிருந்து கழிப்பறை வரை நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இதை மனத்தில் வைத்தே எடுங்கள்.

மறதியைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான திரைப்படத் துணுக்குகளையும் மகிழ்ச்சியான துணுக்குகளையும் காட்டி, சற்று நேரம் கழித்து அவர்களிடம் விசாரித்தார்கள். பார்த்த காட்சிகளைப் பற்றி நோயாளிகளால் மிகக் குறைவாகவே சொல்ல முடிந்தது. ஆனால் அந்தக் காட்சிகள் எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும், காட்சிகள் மறந்த பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தன. இல்லத்தில் நாம் அன்றாடம் காண்பதும் இதுதான். எங்கே போய் வந்தோம் என்று சொல்லத் தெரியாதவர், அன்று மாலை வழக்கத்தைவிட அமைதியாக உணவருந்துகிறார், உடை மாற்றும்போது முரண்டு பிடிப்பதில்லை. இதன் மறுபக்கத்தையும் மறந்துவிட வேண்டாம். அவசரப்படுத்தி இழுத்துச் சென்றால், அந்தப் பதற்றத்துக்குக் காரணமான நிகழ்ச்சி மறந்துபோன பிறகும் பதற்றம் மட்டும் அவர்களுடன் வீடு திரும்பும்.

வேளாண் அருங்காட்சியகம் இதற்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நினைவு என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பிடுவது மூளையில் ஒரே இடத்தில் இல்லை. 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸை இருபுறமும் பெருமளவு இழந்த ஹென்றி மொலைசனைப் பற்றி உளவியலாளர் பிரெண்டா மில்னர் செய்த ஆய்வு இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டைத் தொடர்ந்து வரையும் பயிற்சியை அவர் நாள்தோறும் செய்தார். முந்தின நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை, ஆனாலும் கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. அல்சைமர் நோய் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும்தான். பழகிய செயல்களைத் தாங்கி நிற்கும் பிற பகுதிகள் நெடுங்காலம் ஓரளவு தப்பி நிற்கின்றன. நோய் முற்றும்போது இந்தத் திறனும் தேயும் என்பது உண்மையே. ஆனால் பேச்சு குறைந்து, பெயர்கள் மறந்து, இன்னும் கை பழக்கம் மறக்காத நிலை ஒன்று ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. பயிர்த்தொழில் என்பது முழுக்க முழுக்கக் கையும் முதுகும் பழகிய வேலை.

ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்கிறேன். தன் மகளையே அடையாளம் தெரியாத நிலையில் இருந்தவர். வண்டியிலிருந்து இறங்கியது முதல் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய முறம் ஒன்றை அருங்காட்சியகப் பணியாளர் அவர் மடியில் வைத்து, ஒரு பிடி தானியத்தை அதில் போட்டார். மூதாட்டி அதைச் சிறிது நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கட்டைவிரல்களும் விளிம்பின் மேலேறின, மணிக்கட்டு ஒருமுறை சுண்டியது, தானியம் எழும்பி வில்போல் வளைந்து திரும்ப முறத்துக்குள்ளேயே விழுந்தது. மூன்றாவது வீச்சில் உமி தனியே பிரிந்து முன்னால் வந்தது. அவர் இடப்பக்கம் திரும்பி, அருகில் குனிந்திருந்த பராமரிப்பாளரிடம், “தள்ளி நில்லும்மா, தூசி கண்ணுல விழும்” என்றார். அந்தப் பராமரிப்பாளர் அவர் குரலைக் கேட்டு ஏழெட்டு வாரங்கள் ஆகியிருந்தன.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழைய பொருள்களைக் கொண்டு நினைவுகளைத் தூண்டும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. முதியவர்கள் கடந்த காலத்தைப் பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றே கருதப்பட்ட காலத்தில், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான செயல் என்று 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் எழுதினார். அதன் பின் வளர்ந்த இந்த முறையைப் பற்றி 2018இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கிடைக்கும் பலன்கள் சிறியவை, ஒரே சீராகவும் இல்லை என்றுதான் சொன்னது. ஆனாலும் பராமரிப்பு இல்லங்களில் வாழ்க்கைத் தரம் சற்று மேம்படுவதற்கான சான்றுகள் அதில் இருந்தன. ஆகவே குடும்பத்தாரிடம் இது மறதியைக் குணமாக்கும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒரு நல்ல முற்பகல் என்பதே போதிய காரணம்.

எதைக் காட்டுவது என்பதில்தான் பெரும்பாலான இல்லங்கள் தவறுகின்றன, நானும் தவறியிருக்கிறேன். நான் ஒருங்கிணைத்த முதல் பயணத்தில் 15 பேரை அழைத்துப் போனோம். வழிகாட்டி நல்ல எண்ணத்தோடு ஒவ்வொரு கூடமாக அழைத்துச் சென்று 3 மணி நேரம் விளக்கினார். ஆதி மனிதனின் கற்கருவிகளில் தொடங்கி, 1786இல் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மீக்கிள் உருவாக்கிய கதிரடிக்கும் இயந்திரம், 1831இல் அமெரிக்காவில் சைரஸ் மெக்கார்மிக் செய்து காட்டிய அறுவடை இயந்திரம், 1837இல் ஜான் டீரின் எஃகுக் கலப்பை என்று வரிசையாகப் போனது பேச்சு. இரண்டாவது கூடத்திலேயே பாதிப் பேர் உறங்கிவிட்டார்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு நாற்காலியிலேயே நனைந்துவிட்டார். அவர் அன்று அழுததை நான் மறக்கவில்லை. அந்த நாளின் குறை வழிகாட்டியுடையதன்று, திட்டமிட்ட என்னுடையது. அங்கிருந்த அழகான இயந்திரங்கள் எவையும் எங்களுடன் வந்தவர்களின் வாழ்க்கையைச் சேர்ந்தவை அல்ல. அவை அவர்களுடைய பாட்டன், முப்பாட்டன் காலத்தவை.

மனிதர்கள் முதுமையில் திரும்பிப் பார்க்கும்போது, ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிக அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலில் உறுதியாகக் கண்டறியப்பட்ட ஒன்று. இன்று 85 வயதானவருக்கு அந்தக் காலம் ஏறத்தாழ 1950 முதல் 1970 வரை. உழவின் வரலாற்றிலேயே மிக வேகமான மாற்றம் நடந்த இருபது ஆண்டுகள் அவை. விலங்குகள் இழுத்த கலப்பையின் பின்னால் சிறுவனாக நடந்தவர், இளைஞனாகி டிராக்டரின் இருக்கையில் அமர்ந்தார். ஹாரி ஃபெர்குசனின் சிறிய சாம்பல்நிற டிஇ20 டிராக்டர் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாராகி உலகெங்கும் போனது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதிக விளைச்சல் தரும் ஐஆர்8 நெல் ரகத்தை வெளியிட்டது 1966இல். அதிக விளைச்சல் தரும் குட்டைக் கோதுமைக்காக நார்மன் போர்லாக் நோபல் அமைதிப் பரிசு பெற்றது 1970இல். விதை, உரம், இயந்திரம் மூன்றும் மாறியபோது அவற்றைக் கையால் தொட்டவர்கள் உங்கள் இல்லத்தில் இருக்கிறார்கள். ஆகவே அருங்காட்சியகத்தாரிடம், “உங்கள் சேகரிப்பில் மிகப் பழையது எது” என்று கேட்காமல், 1950க்கும் 1970க்கும் இடையில் ஒரு சாதாரணப் பண்ணையில் இருந்திருக்கக்கூடிய பொருள்கள் எவை, அவற்றில் கையில் கொடுக்கக்கூடியவை எவை என்று கேளுங்கள். ஐந்து பொருள்கள் போதும். எட்டைத் தாண்ட வேண்டாம்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நீங்களே ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள், முடிந்தால் வெற்றுச் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டே போங்கள். வேளாண் அருங்காட்சியகங்கள் பல பழைய களஞ்சியங்களிலும் தொழுவங்களிலும் அமைந்தவை. கல் பாவிய முற்றம், சரளைக் கல் பாதை, உயர்ந்த வாசற்படி ஆகியவை அங்கே சகஜம். சாய்தளம் இருக்கிறது என்று தொலைபேசியில் சொல்வார்கள், அதன் சரிவு எவ்வளவு என்பதை நேரில்தான் அறிய முடியும். 1 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஒருவர் தனியே தள்ளக் கூடாது. இறங்கும்போது நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பியே இறக்க வேண்டும், இல்லையெனில் அமர்ந்திருப்பவர் முன்னால் சரிவார். சரளையிலும் புல்லிலும் முன்சக்கரங்கள் புதைந்துவிடும். அங்கே நாற்காலியைச் சற்றே பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் உருட்டிச் செல்வது நல்லது.

தரையையும் வெளிச்சத்தையும் மறதி நோய் உள்ளவரின் கண்ணால் பாருங்கள். வெளிர்நிறத் தரையில் கிடக்கும் கறுப்பு விரிப்பு அவர்களில் சிலருக்குக் குழியாகத் தெரியும். அதை மிதிக்க மறுத்து நிற்பவரை நாம் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடுகிறோம். பளபளக்கும் தரை நீர் தேங்கியதுபோல் தோன்றும். வெயிலிலிருந்து இருண்ட களஞ்சியத்துக்குள் நுழைந்ததும், முதிய கண்கள் பழகுவதற்கு நம்மைவிட வெகுநேரம் எடுக்கும். வாசலிலேயே ஓரிரு நிமிடம் நின்று, பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு உள்ளே போங்கள். உயர்ந்த கூரையுள்ள கூடங்களில் எதிரொலி மிகும், காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கு அந்த இரைச்சல் வேதனையாகிவிடும். கழிப்பறை எங்கே, கதவு சக்கர நாற்காலிக்கு அகலமா, உள்ளே உதவியாளரும் நிற்க இடம் உண்டா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள்களைக் கழிப்பறைக்கு அருகிலுள்ள ஓர் அறையிலேயே வைக்க முடியுமா என்று கேட்பது இன்னும் நல்லது. பல இடங்களில் மகிழ்ச்சியோடு செய்து தருவார்கள், யாரும் கேட்காததால்தான் செய்வதில்லை.

12 பேரை ஒரே நாளில் அழைத்துப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆறு ஆறு பேராக இரண்டு நாள்கள் போங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் ஒருவருக்கு ஒருவர் துணை வேண்டும். மற்றவர்களில் இருவருக்கு ஒருவர் போதும். இவர்களைத் தவிர, யாரையும் பொறுப்பேற்காத ஒருவர் உடன் வர வேண்டும். மருந்துப் பை, மாற்று உடை, தொலைபேசி ஆகியவை அவரிடம் இருக்கட்டும். யாருக்காவது உடல்நலம் கெட்டால் அவர் அங்கேயே நின்று கவனிக்க, பயணம் மற்றவர்களுக்குத் தொடரும். முற்பகல் 10 மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பிற்பகல் சாயும் நேரத்தில் குழப்பமும் அலைபாய்தலும் கூடும். அந்த நேரத்தில் அவர்கள் பழகிய அறையில் இருப்பதே நல்லது.

மருந்துகளில் பொதுவான விதி ஒன்றைச் சொல்லிவிட முடியாது, ஒவ்வொருவரின் அட்டவணையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கழிப்பறையை நினைத்து அன்று அதை விழுங்காமல் விட்டுவிடுவது வழக்கம். இதயம் தளர்ந்தவருக்கு அது ஆபத்து. மருத்துவரிடம் முன்பே கேட்டு அன்றைக்கு மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், தாமாக நிறுத்தக் கூடாது. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா குறித்த நேரத்தில் கொடுக்கப்படாவிட்டால், நடந்து வந்தவர் வழியிலேயே உறைந்து நின்றுவிடுவார். இன்சுலின் போடுகிறவர்களுக்கு உணவு தள்ளிப்போகக் கூடாது. முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுவதால், கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் தம்ளரைக் கையில் கொடுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு, அருங்காட்சியகத்தில் சுவைத்துப் பார்க்கத் தரும் எதையும் உங்கள் அனுமதியின்றிக் கொடுக்க வேண்டாம் என்று பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

விலங்குகள் இருக்கும் இடமென்றால் அவற்றைத் தவிர்க்காதீர்கள். ஒரு பசுவின் கழுத்தைத் தடவிக் கொடுப்பதற்கு இணையான காட்சிப் பொருள் எந்தக் கூடத்திலும் இல்லை. ஆனால் பின்னர் கைகளைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டே கழுவ வேண்டும். பண்ணை விலங்குகளிடமிருந்து தொற்றும் கிரிப்டோஸ்போரிடியம் கிருமியை ஆல்கஹால் கலந்த கைத்தெளிப்பான் கொல்லாது. முதியவர்களுக்கு அந்த வயிற்றுப்போக்கு மிகவும் கடுமையாகிவிடும். சக்கர நாற்காலியின் கைப்பிடிகளையும் கைத்தடிகளையும் துடைக்க மறக்க வேண்டாம். உடன் வரும் பராமரிப்பாளர்களில் யாராவது கருவுற்றிருந்தால், செம்மறியாடுகள் ஈனும் பருவத்தில் அவற்றின் அருகே போகாமல் இருக்க வேண்டும். இதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இனி, பொருளின் முன்னால் அமர்ந்த பிறகு பேசும் விதம். இதில் ஒரு சொற்றொடரை முற்றிலும் விலக்கிவிடுங்கள்: “ஞாபகம் இருக்கா?” என்ற கேள்வி. அன்பாகக் கேட்கப்பட்டாலும் அது ஒரு தேர்வு. பதில் தெரியாதவர் தோற்றுவிட்டதாக உணர்ந்து ஒதுங்கிவிடுவார். அதற்குப் பதிலாக, “இதை எப்படிப் பிடிக்கணும், காட்டுங்களேன்” என்று கேளுங்கள். பொருளின் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள், பெயரைத் தேடி அவர் தடுமாற வேண்டியதில்லை. பிறகு காத்திருங்கள். ஒரு பொருளைக் கையில் கொடுத்த பின் ஒரு முழு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருப்பது பராமரிப்பாளர்களுக்கு மிகக் கடினமான பயிற்சி என்பதை அறிவேன். ஆனால் முறத்தை வாங்கிய மூதாட்டிக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.

அவர் சொல்லும் தகவல் தவறாக இருந்தால் திருத்த வேண்டாம். தந்தை இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும், “அப்பா வந்ததும் கேட்டுக்கலாம்” என்பார். “அப்பா கலப்பை பிடிப்பாரா?” என்று பேச்சை வேலையின் பக்கம் திருப்பினால் போதும். அரிவாள் ஒன்றைக் கையில் வாங்கிய ஒரு பெரியவர், அதன் விளிம்பில் கட்டைவிரலைக் குறுக்காக வைத்து மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, “யாரோ தெரியாதவன் தீட்டியிருக்கான் தம்பி, இது புல்லைக்கூட அறுக்காது” என்று இளம் பணியாளரிடம் சொன்னார். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே மழுக்கப்பட்ட அரிவாள் அது. அதைச் சொல்லி அவர் வாயை அடைக்காமல், எப்படித் தீட்ட வேண்டும் என்று அந்தப் பணியாளர் கேட்டார். அடுத்த இருபது நிமிடம் அந்த மேசையைச் சுற்றி நடந்தது ஒரு பாடம். கல்லை நனைப்பது, சாய்வைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருப்பது, முனையிலிருந்து பிடிவரை ஒரே இழுப்பில் வருவது என்று அவர் சொல்லச் சொல்ல, பணியாளர் ஒரு மரத்துண்டில் செய்து பார்த்தார். பொய்யான மரியாதை ஏதும் அங்கே இல்லை, அந்த இளைஞருக்கு உண்மையிலேயே அது தெரியாது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த அருங்காட்சியகங்களின் பெருங்கூடங்களை டிராக்டர்களும் கலப்பைகளும் நிறைத்துவிடுகின்றன. முதியோர் இல்லங்களிலோ பெண்களே மிகுதி. அவர்களும் நிலத்தில் வேலை செய்தவர்கள்தாம்: களை எடுத்தார்கள், நாற்று நட்டார்கள், பால் கறந்தார்கள், வெண்ணெய் கடைந்தார்கள், விதையை அடுத்த பருவம்வரை பூச்சி அண்டாமல் காத்தார்கள். அந்த வேலைகளின் கருவிகள் சிறியவை, எளியவை, ஆகவே மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். பால் கறக்கும் பாத்திரம், கடைகோல், சல்லடை, விதைப்பானை ஆகியவற்றை வெளியே எடுத்துத் தர முடியுமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். டிராக்டரின் முன்னால் ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, பெண்கள் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பயணமாக இது ஆகிவிடக் கூடாது.

டிராக்டருக்கும் அதற்குரிய இடம் உண்டு. அந்தக் கால இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்ட முடிந்தால், திறந்தவெளியில், எட்டி நின்று, ஐந்து நிமிடம் மட்டும் கேட்கச் செய்யுங்கள். தொடங்கப் போகிறது என்று முன்னதாகச் சொல்லிவிட்டு, காது கேட்கும் கருவிகளின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். மணமும் பெரிய தூண்டுகோல்தான்: எண்ணெய், காய்ந்த புல், தோல் வார். ஆனால் அல்சைமர் நோயில் மணங்களை இனங்காணும் திறன் தொடக்கத்திலேயே குறையத் தொடங்குவதால், மணத்தை மட்டும் நம்பியிராமல் கையில் ஒரு பொருளும் இருக்கட்டும். ஆஸ்துமாவோ பிற நுரையீரல் நோயோ உள்ளவர்களைப் பூஞ்சை பிடித்த பழைய வைக்கோலின் அருகே கொண்டுபோக வேண்டாம்.

நிலத்தின் நினைவுகள் எல்லாம் இனியவை என்று எண்ணிவிடாதீர்கள். கடனில் போன நிலம், மழை பொய்த்த ஆண்டு, நோயில் ஒரே வாரத்தில் மடிந்த கால்நடைகள், கதிரடிக்கும் இயந்திரத்தில் விரல்களை இழந்த தம்பி என எல்லாம் அந்தக் கூடத்தில்தான் இருக்கின்றன. போவதற்கு முன்பே குடும்பத்தாரிடம் பேசி, யாருக்கு எது வலி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை எங்களுடன் வந்தவர் ஒரு நுகத்தடியைக் கண்டதும் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருடைய மாடுகளை விற்ற நாளைப் பற்றி அரைகுறையாகச் சொன்னார், பெயர்களைச் சொன்னார். உடன் இருந்தவர் பேச்சை மாற்றப் பார்த்தபோது தடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தோம். பத்து நிமிடத்தில் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவற்றில் இடப்பக்கத்து மாடுதான் கெட்டிக்காரி என்றார். அழுகை வந்தால் பயணம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஆனால் நடுக்கம், வெளியேறத் துடிப்பு, யாரையோ தேடும் பதற்றம் ஆகியவை தெரிந்தால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வந்துவிடுங்கள். வர விருப்பமில்லை என்று முதலிலேயே சொல்பவரை வற்புறுத்தவும் வேண்டாம். நிலத்தைவிட்டுத் தப்பித்து வந்ததையே தன் வாழ்வின் வெற்றியாகக் கருதுபவர்களும் உண்டு.

படுக்கையைவிட்டு எழ முடியாதவர்களுக்கு அருங்காட்சியகத்தையே இல்லத்துக்கு வரவழைக்கலாம். பல அருங்காட்சியகங்கள் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களைப் பெட்டியில் அடுக்கிக் கடனாகத் தருகின்றன. லிவர்பூலின் தேசிய அருங்காட்சியகங்கள் 2012இல் தொடங்கிய ‘நினைவுகளின் வீடு’ என்ற திட்டம், பராமரிப்பாளர்களுக்கே பயிற்சி தந்து இத்தகைய பணியை விரிவாக்கியது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகமான டென் காம்லே பூ, மறதி நோய் உள்ளவர்கள் வந்து அமர்வதற்கென்றே 1950களின் வீடு ஒன்றை அப்படியே அமைத்து வைத்திருக்கிறது. அங்கே கயிறு கட்டித் தடுப்பதில்லை, நாற்காலியில் உட்காரலாம், இழுப்பறையைத் திறக்கலாம். 1891இல் ஸ்டாக்ஹோமில் ஆர்டூர் ஹாஸேலியுஸ் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, கிராமத்து வாழ்வைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்காமல் வீடு, தொழுவம், விலங்கு, மனிதர் என முழுமையாகக் காட்ட விரும்பினார். அந்த எண்ணத்தின் இயல்பான தொடர்ச்சியாகவே இதைக் காண்கிறேன்.

திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியதும் இருக்கிறது. அன்று பிற்பகலில் வேறு நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். ஒவ்வொருவருடனும் சென்றவர், தான் கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே நான்கு வரி எழுதி அவருடைய பராமரிப்புக் குறிப்பேட்டில் சேர்க்கட்டும். இரவுப் பணிக்கு வருபவர் அதைப் படித்துவிட்டுப் போனால், உடை மாற்றும்போது பேச ஒரு விஷயம் கிடைக்கும். அதிகாலை 4 மணிக்கு எழுந்து நடமாடுபவரை நெடுநாள் தொல்லையாகக் கருதியிருந்தோம். அவர் பால் கறக்கும் வேலை செய்தவர் என்பது இப்படி எழுதி வைத்த ஒரு குறிப்பினால்தான் தெரிந்தது. அதன் பின் அந்த நேரத்தில் அவருக்கு ஒரு சூடான பானமும், மடித்து வைக்க ஒரு கூடைத் துணியும் கொடுத்தோம், உறக்க மாத்திரையைக் குறைக்க மருத்துவர் ஒப்புக்கொண்டார். புகைப்படம் எடுப்பதானால் அவரிடமோ, முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தால் குடும்பத்தாரிடமோ முன்பே இசைவு பெறுங்கள்.

அருங்காட்சியகத்துக்கும் ஏதேனும் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்களிடம் பெயரும் பயனும் சரியாகத் தெரியாத பொருள்கள் எப்போதும் இருக்கும். “உங்களுக்குத் தெரியாத பொருள் ஒன்றை மேசையில் வையுங்கள்” என்று கேட்பது நான் தவறாமல் செய்வது. ஒருமுறை கூரான முள்கள் பொருத்திய சிறு வளையம் ஒன்றை வைத்தார்கள். அதன் சீட்டில் விலங்குகளைப் பழக்கும் கருவி என்று எழுதியிருந்தது. காலையில் என்ன உண்டோம் என்று சொல்லத் தெரியாத பெரியவர் ஒருவர் அதை எடுத்து, தன் மூக்கின் மேல் வைத்துக் காட்டினார். “கன்னுக்குட்டிக்குக் கட்டுறது. பால் மறக்கடிக்க. மடியில முட்டினா தாய்க்கு முள்ளு குத்தும், அதுவே உதைச்சு விலக்கிடும்” என்றார். பணியாளர் எழுதிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து அதே பெரியவருடன் மறுபடி போனபோது சீட்டு மாற்றப்பட்டிருந்தது. அதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சொன்னது தாம்தான் என்பது அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்துக் கேட்டுவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்றார்.